சொந்த பிளகினுக்குச் சொந்த அப்டேட்: பிரைவேட் ரெப்போவிலிருந்து வேர்ட்பிரஸ் டேஷ்போர்டு வரை

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்த போன் அது. "தளத்தில் புக்கிங் படிவத்தையே காணோம் சார், நேற்று ராத்திரி வரைக்கும் இருந்தது." நாங்கள் எழுதிக் கொடுத்த பிளகின்தான் அந்தப் படிவம். உள்ளே போய்ப் பார்த்தால் பிளகினின் பெயர் வேறு, எழுதியவர் பெயர் வேறு, எங்கள் கோடில் ஒரு வரிகூட இல்லை. யாரும் ஹேக் செய்யவில்லை. அந்த அலுவலகத்தில் ஒருவர் டேஷ்போர்டில் அப்டேட் இருப்பதாகக் காட்டியதைப் பார்த்து அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். எங்கள் பிளகினின் ஃபோல்டருக்கு நாங்கள் வைத்திருந்த சாதாரணப் பெயரிலேயே வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் களஞ்சியத்தில் இன்னொரு பிளகின் இருந்தது. அதன் பதிப்பு எண் எங்களுடையதைவிடப் பெரியது. வேர்ட்பிரஸ் அதைப் புதிய பதிப்பு என்று எடுத்துக்கொண்டு எங்கள் ஃபோல்டரை அழித்து அங்கே அதை வைத்துவிட்டது.

பேக்கப் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் மீட்டோம். அந்த வாரம் முழுக்க, நாங்கள் பார்த்துக்கொள்ளும் எல்லாத் தளங்களிலும் அப்டேட் எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். அந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்களுக்குக் கொஞ்சம் பிஎச்பி தெரியும், கிட்டில் கமிட் செய்யத் தெரியும், கிளையன்டுகளுக்காக எழுதிய பிளகினோ தீமோ ஒன்றிரண்டு கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஹுக் (வேர்ட்பிரஸ் தன் வேலையின் நடுவே நம் கோடை அழைக்கும் இடம்), ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். வேர்ட்பிரஸின் டெவலப்பர் ஆவணத்தில் அதே ஒலியில் ஆங்கிலத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

வேர்ட்பிரஸ் எப்படி அப்டேட் தேடுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளமும் நாளுக்கு இரண்டு முறை, தன்னிடம் உள்ள எல்லா பிளகின்களின் பட்டியலையும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கின் ஏபிஐ சர்வருக்கு அனுப்புகிறது. நீங்களே எழுதிய பிளகினும் அந்தப் பட்டியலில் போகும். "இவற்றில் எதற்குப் புதிய பதிப்பு இருக்கிறது?" என்பது கேள்வி. வரும் பதிலை டேட்டாபேஸில் "அப்டேட்_பிளகின்ஸ்" என்ற சைட் ட்ரான்சியன்டாக, அதாவது தற்காலிகச் சேமிப்பாக, வைக்கிறது. தீம்களுக்கு "அப்டேட்_தீம்ஸ்". மெனுவில் நீங்கள் பார்க்கும் சின்ன எண், பிளகின் பட்டியலில் வரும் மஞ்சள் பட்டை எல்லாம் இந்தச் சேமிப்பிலிருந்து வருபவை. பிளகின் பக்கத்தைத் திறக்கும்போது சேமிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் மறுபடி கேட்கும். அப்டேட்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தாலே கேட்கும்.

அந்தப் பதிலில் ஒவ்வொரு பிளகினுக்கும் புதிய பதிப்பு எண்ணும் ஜிப் கோப்பின் முகவரியும் இருக்கும். நீங்கள் "அப்டேட்" அழுத்தியதும் வேர்ட்பிரஸ் அந்த முகவரியிலிருந்து ஜிப்பை இறக்கி, விரித்து, பழைய ஃபோல்டரை அகற்றிவிட்டுப் புதியதை அங்கே வைக்கிறது. ஆக, நாம் செய்யவேண்டியது இரண்டுதான். நம் பிளகினுக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் பதில் சொல்லாமல் தடுக்கவேண்டும். அந்த இடத்தில் நம் பதிலை வைக்கவேண்டும்.

படி 1: முதலில் தடுப்பு

இதற்கு ஐந்து நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை இன்றே செய்துவிடுங்கள். பிளகினின் முதன்மைக் கோப்பில் பெயர், பதிப்பு, எழுதியவர் என்று ஒரு ஹெடர் கமென்ட் இருக்குமே, அதில் "அப்டேட் யூஆர்ஐ" என்று ஒரு வரி சேர்த்து, உங்கள் சொந்த டொமைனில் இந்தப் பிளகினுக்கென்று ஒரு தனி முகவரியைக் கொடுங்கள். அந்த முகவரியில் உண்மையிலேயே பக்கம் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அது ஓர் அடையாளம். இந்த ஹெடரில் வேறு முகவரி இருந்தால், ஃபோல்டர் பெயர் ஒத்துப்போனாலும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தன் பிளகினை அப்டேட்டாகத் தராது. எங்கிருந்தும் அப்டேட் வேண்டாம் என்றால் முகவரிக்குப் பதிலாக "ஃபால்ஸ்" என்று எழுதலாம்.

பிளகின்களுக்கு இந்த வசதி 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பில் சேர்ந்தது. தீம்களுக்கு 2022 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான் வந்தது. தீமுக்கு இதே வரியை ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ் கோப்பின் ஹெடரில் எழுதவேண்டும். சைல்டு தீம் வைத்திருந்தால் அதன் ஸ்டைல் கோப்பிலும் மறக்காமல் எழுதுங்கள். பழைய வேர்ட்பிரஸ் ஓடும் தளங்களில் இந்த வரிக்கு எந்தப் பயனும் இல்லை. அதனால் ஃபோல்டர் பெயரையும் மாற்றிவிடுவது நல்லது. "புக்கிங்", "கேலரி" மாதிரிப் பொதுப் பெயர் வேண்டாம். நிறுவனத்தின் பெயரையோ சுருக்கத்தையோ முன்னால் சேர்த்து வையுங்கள். ஒன்று கவனம்: ஃபோல்டர் பெயரை மாற்றினால் அந்தப் பிளகின் செயலிழந்துவிடும், மறுபடி ஆக்டிவேட் செய்யவேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

படி 2: ஜிப்பை ஒழுங்காகக் கட்டுவது

நான் பார்த்தவரை, அப்டேட் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கிட்ஹப்பில் 2019 ஜனவரி முதல் இலவசக் கணக்கிலேயே எத்தனை பிரைவேட் ரெப்போ வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கிட்லேப், பிட்பக்கெட்டிலும் வைக்கலாம். நான் கிட்ஹப்பை வைத்துச் சொல்கிறேன், முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கிட்ஹப்பில் ஒரு டேக் (ஒரு பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) போட்டதும் "சோர்ஸ் கோட்" என்று ஒரு ஜிப் தானாகவே கிடைக்கும். பார்த்ததும் அதையே அப்டேட் ஜிப்பாகப் பயன்படுத்தத் தோன்றும். வேண்டாம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஃபோல்டர் பெயர். அந்த ஜிப்பை விரித்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டரில் ரெப்போ பெயருடன் பதிப்பு எண்ணோ கமிட் எண்ணோ ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் அதே பெயரில் புதிய ஃபோல்டரை உருவாக்கிவிடும். பழைய பாதையில் பிளகின் இல்லாததால் அது செயலிழந்துபோகும். கிளையன்ட் தளத்தில் இது நடந்தால் மறுபடியும் அதே திங்கட்கிழமை போன்தான். "அப்கிரேடர்_சோர்ஸ்_செலக்ஷன்" என்ற ஃபில்டரில் (வேர்ட்பிரஸ் தரும் மதிப்பை நாம் மாற்றித் தரும் ஹுக்) ஃபோல்டர் பெயரைத் திருத்தமுடியும். ஆனால் ஜிப்பை முதலிலேயே சரியாகக் கட்டுவதுதான் நேர்வழி.

இரண்டாவது, உள்ளடக்கம். பிஎச்பி நூலகங்களை இறக்கும் கருவியான கம்போசர் உருவாக்கும் வெண்டர் ஃபோல்டரையும், பில்டில் உருவாகும் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகளையும் நாம் வழக்கமாக ரெப்போவில் போடுவதில்லை. சோர்ஸ் ஜிப்பில் அவை இருக்காது. நம் கணினியில் ஓடும் பிளகின், தளத்துக்குப் போனதும் வெள்ளைத் திரை காட்டுவது இதனால்தான். அதோடு டெஸ்ட் கோப்புகள், கான்ஃபிக் கோப்புகள் எல்லாம் தேவையில்லாமல் கிளையன்ட் சர்வருக்குப் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீங்களே ஒரு ஜிப் கட்டி, கிட்ஹப்பின் ரிலீஸ் பக்கத்தில் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஜிப்புக்குள் ஒரே ஒரு ஃபோல்டர், தளத்தில் இருக்கும் பிளகின் ஃபோல்டரின் அதே பெயரில். கிட்டின் ஆர்க்கைவ் கட்டளையில் ப்ரிஃபிக்ஸ் கொடுத்தால் ஃபோல்டர் பெயர் சரியாக வரும். கிட் ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் "எக்ஸ்போர்ட் இக்னோர்" என்று குறித்தவை ஜிப்பில் சேராது. அது வெண்டர் ஃபோல்டரையும் பில்டையும் சேர்த்துக்கொள்ளாது என்பதால், கம்போசரும் பில்டும் ஓடி முடிந்தபின் ஜிப் கட்டும்படி, வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒரு வேலையாக எழுதிவைத்துவிட்டால் கையால் கட்டும்போது வரும் தவறுகள் ஒழியும்.

பதிப்பு எண்ணிலும் இரண்டு பொறிகள் உண்டு. பலரும் டேக் போடும்போது எண்ணுக்கு முன்னால் ஆங்கில "வி" எழுத்தைச் சேர்ப்பார்கள். அதை நீக்காமல் வேர்ட்பிரஸிடம் கொடுத்தால் அப்டேட் எப்போதுமே தெரியாது. பிஎச்பியின் பதிப்பு ஒப்பீட்டு ஃபங்ஷன் தனக்குத் தெரியாத எழுத்தை எந்த எண்ணையும்விடச் சிறியதாக எடுத்துக்கொள்ளும். "வி" சேர்த்த 1.2.0 அதன் கணக்கில் 1.1.0-வைவிடப் பழையது. அடுத்தது, டேக்கில் 1.2.0 என்று போட்டுவிட்டுப் பிளகின் ஹெடரில் 1.1.0 என்றே விட்டுவிடுவது. அப்டேட் வெற்றி என்று வரும், பக்கத்தை மறுபடி திறந்தால் அதே அப்டேட் மறுபடியும் நிற்கும். கிளையன்ட் பத்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுவார். டேக் எண்ணும் ஹெடர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஜிப் கட்டும் வேலை அங்கேயே நின்றுவிடும்படி ஆக்ஷனில் ஒரு சோதனை வையுங்கள்.

படி 3: சாவியை எங்கே வைப்பது

பிரைவேட் ரெப்போ என்றால் ஜிப்பை இறக்க டோக்கன், அதாவது கடவுச்சொல் மாதிரியான ஒரு ரகசியச் சரம், வேண்டும். கிட்ஹப்பில் "ஃபைன் கிரெய்ன்ட்" வகை டோக்கனை எடுங்கள். ஒரே ஒரு ரெப்போவுக்கு மட்டும், "கன்டென்ட்ஸ்" படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். காலாவதித் தேதியும் வையுங்கள். பழைய "கிளாசிக்" டோக்கனில் பிரைவேட் ரெப்போ அனுமதி கொடுத்தால் உங்கள் கணக்கில் இருக்கும் எல்லா ரெப்போவுக்கும், எழுதும் உரிமையோடு கதவு திறந்துவிடும்.

டோக்கனைப் பிளகின் கோடில் எழுதாதீர்கள். டபிள்யூபி கான்ஃபிக் கோப்பில் ஒரு கான்ஸ்டன்டாக வையுங்கள். ஜிப் முகவரியோடு ஒட்டியும் அனுப்பவேண்டாம். மேலே சொன்ன ட்ரான்சியன்டில் அந்த முகவரி அப்படியே டேட்டாபேஸில் பதிந்துவிடும், டேட்டாபேஸ் பேக்கப் போகும் இடமெல்லாம் உங்கள் டோக்கனும் கூடவே போகும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கிளையன்ட் தளத்தில் உங்கள் ரெப்போவின் டோக்கன் இருக்கவேண்டுமா? சொந்தத் தளங்கள் என்றால் பரவாயில்லை. வேறொருவரின் ஹோஸ்டிங்கில் அது இருந்தால், அந்தத் தளத்துக்குள் வர முடிந்த யாரும் உங்கள் ரெப்போவின் முழு வரலாற்றையும் படிக்கமுடியும். கிளையன்ட் தளங்களுக்கு என் பரிந்துரை, நடுவில் உங்களுடைய ஒரு சின்ன சர்வர். டோக்கன் அங்கே மட்டும் இருக்கட்டும். புதிய ரிலீஸ் வந்ததும் அந்தச் சர்வர் கிட்ஹப்பிலிருந்து ஜிப்பை எடுத்து வைத்துக்கொள்ளும். கிளையன்ட் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சாவி, அதைக் காட்டினால் ஜிப் கிடைக்கும். ஒரு தளத்தில் சாவி கசிந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்தால் போதும்.

அந்தச் சர்வரில் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு ஜேசான் கோப்பு. அதில் பதிப்பு எண், ஜிப்பின் முகவரி, தேவையான குறைந்தபட்ச வேர்ட்பிரஸ், பிஎச்பி பதிப்புகள், எந்த வேர்ட்பிரஸ் வரை சோதித்தீர்கள் என்பது, மாற்றங்களின் பட்டியல். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளமாகத் தாங்கும். எச்டிடிபிஎஸ் மட்டும் கட்டாயம்.

இங்கே ஒரு தவறு எளிதாக நடக்கும். பாதுகாப்புக்காகப் பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஜிப் இணைப்பைக் கொடுக்கலாம் என்று தோன்றும். வேர்ட்பிரஸ் அந்த முகவரியைச் சேமித்து வைத்து, பல மணி நேரம் கழித்து யாரோ அழுத்தும்போதுதான் பயன்படுத்தும். அதற்குள் இணைப்பு செத்துப்போயிருக்கும். முகவரி நிலையானதாக இருக்கட்டும். இறக்கும் நேரத்தில் சாவியைக் கோரிக்கையின் எச்டிடிபி ஹெடரில் சேர்த்து அனுப்புங்கள்.

படி 4: தளத்தில் அப்டேட்டைக் கேட்கும் கோடை எழுதுவது

நீங்களே எழுதவேண்டாம் என்று நினைத்தால் தயாரான வழிகள் உண்டு. யானிஸ் எல்ஸ்ட்ஸ் எழுதிய "பிளகின் அப்டேட் செக்கர்" என்ற நூலகத்தைப் பிளகினுக்குள் வைத்துச் சில வரிகள் சேர்த்தால் போதும். கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் மூன்றையும் புரிந்துகொள்ளும், ஜேசான் கோப்பையும் படிக்கும். ஆண்டி ஃபிராகனின் "கிட் அப்டேட்டர்" ஒரு பிளகினாகவே கிடைக்கிறது. தளங்கள் முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்து, கிட் வழியாகவே டெப்ளாய் செய்கிறீர்கள் என்றால் கம்போசர் வழிதான் சரி. டேஷ்போர்டிலிருந்து அப்டேட் செய்வதையே அங்கே மூடிவிடலாம்.

ஆனால் ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள். ஐம்பது அறுபது வரிகளுக்குள் முடியும். நாளைக்கு ஏதாவது உடைந்தால் எங்கே பார்ப்பது என்றும் தெரியும்.

இந்தக் கோடை எங்கே வைப்பது என்பது முக்கியம். பிளகினுக்குள்ளேயே வைத்தால், அந்தப் பிளகின் ஆக்டிவாக இருக்கும்போது மட்டும்தான் அப்டேட் தேடும். செயலிழக்கச் செய்து வைத்த பிளகின் பழைய பதிப்பிலேயே, பழைய பாதுகாப்பு ஓட்டைகளோடு சர்வரில் கிடக்கும். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் வைத்தாலும் இதே கதிதான். ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் மல்டிசைட்டில் இன்னும் மோசம்: ஒரு துணைத் தளத்தில் மட்டும் ஆக்டிவாக உள்ள பிளகினின் கோடு, நெட்வொர்க் டேஷ்போர்டில் ஓடுவதே இல்லை. அதனால் "எம்யூ பிளகின்ஸ்" ஃபோல்டரில் ஒரு தனிக் கோப்பாக வையுங்கள். அது எப்போதும் ஓடும், யாரும் தெரியாமல் அணைத்துவிட முடியாது. அந்த ஃபோல்டரின் மேல்மட்டத்தில் இருக்கும் பிஎச்பி கோப்புகளை மட்டுமே வேர்ட்பிரஸ் தானாக எடுத்துக்கொள்ளும், உள் ஃபோல்டருக்குள் போகாது. இந்தக் கோப்புக்கு டேஷ்போர்டு வழி அப்டேட் கிடையாது என்பதால் சின்னதாக, அடிக்கடி மாற்றத் தேவையில்லாததாக எழுதுங்கள்.

இனி கோடு. "அப்டேட்_பிளகின்ஸ்_" என்பதோடு உங்கள் டொமைன் பெயரைச் சேர்த்தால் அதுதான் ஃபில்டரின் பெயர். அப்டேட் யூஆர்ஐ வரியில் நீங்கள் கொடுத்த முகவரியின் ஹோஸ்ட் பகுதியை எடுத்து வேர்ட்பிரஸ் இதை அழைக்கும். உங்கள் ஃபங்ஷனுக்கு நான்கு தகவல்கள் வரும்: இதுவரை உள்ள பதில், பிளகினின் ஹெடர் விவரங்கள், பிளகின் கோப்பின் பாதை, தளத்தின் மொழிகள். ஒரே டொமைனில் பல பிளகின்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் இதே ஃபில்டர்தான் ஓடும். ஆகவே கோப்பின் பாதையைப் பார்த்து எந்தப் பிளகின் என்று உறுதிசெய்த பிறகே பதில் சொல்லுங்கள். அப்டேட் யூஆர்ஐயில் கிட்ஹப் முகவரியைக் கொடுத்திருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் வேறொருவரின் பிளகினும் அதே ஹோஸ்டைக் கொடுத்திருக்கலாம்.

அடுத்து ஜேசானைக் கேட்டு வாங்குங்கள். "டபிள்யூபி_ரிமோட்_கெட்" போதும். டைம்அவுட் ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம், உங்கள் சர்வர் தூங்கிவிட்டால் கிளையன்டின் டேஷ்போர்டும் சேர்ந்து தூங்கும். பதில் பிழையாக இருந்தாலோ, ஜேசான் உடைந்திருந்தாலோ, உங்கள் ஃபங்ஷனுக்கு முதல் தகவலாக வந்த 'இதுவரை உள்ள பதிலை' அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு அமைதியாக வெளியேறுங்கள். நல்ல பதிலைச் சில மணி நேரம் ட்ரான்சியன்டில் வையுங்கள். பிழையையும் பத்து நிமிடம் வையுங்கள், இல்லாவிட்டால் சர்வர் கீழே விழுந்த நேரத்தில் எல்லாத் தளங்களும் சேர்ந்து அதையே தட்டிக்கொண்டிருக்கும். நேரடியாகக் கிட்ஹப்பைக் கேட்பவர்களுக்கு இந்தச் சேமிப்பு தவிர்க்க முடியாதது. டோக்கன் இல்லாமல் கேட்டால் ஓர் ஐபிக்கு மணிக்கு 60 முறைதான் கிட்ஹப் அனுமதிக்கும், ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த ஐபியைப் பல தளங்கள் பகிர்ந்துகொண்டிருக்கும். டோக்கனோடு கேட்டால் மணிக்கு 5000.

கடைசியாகத் திருப்பித் தரவேண்டிய அரே. ஸ்லக், வெர்ஷன், யூஆர்எல், பேக்கேஜ், டெஸ்டட், ரிக்வயர்ஸ் பிஎச்பி என்ற அரே கீகளோடு கொடுத்தால் போதும். ஸ்லக் என்பது பிளகினின் அடையாளப் பெயர், வழக்கமாக அதன் ஃபோல்டர் பெயர். பேக்கேஜ் என்பது ஜிப்பின் முகவரி. பதிப்பைப் புதியதா பழையதா என்று நீங்கள் ஒப்பிடவேண்டாம், வேர்ட்பிரஸே ஒப்பிடும். இதில் பலர் தவறவிடும் ஒன்று: புதிய பதிப்பு இல்லாதபோதும் இந்த அரேயைத் திருப்பிக் கொடுங்கள். அப்போது வேர்ட்பிரஸ் அதை "அப்டேட் இல்லை" பட்டியலில் சேர்க்கும். அந்தப் பட்டியலில் இருந்தால்தான் பிளகின் பக்கத்தில் ஆட்டோ அப்டேட்டை இயக்கும் இணைப்பு தெரியும். எங்கள் பிளகினுக்கு மட்டும் அந்த இணைப்பு ஏன் வரவில்லை என்று நான் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

தீமுக்கு "அப்டேட்_தீம்ஸ்_" என்று தொடங்கும் ஃபில்டர். ஸ்லக் என்ற இடத்தில் "தீம்" என்ற கீயில் தீமின் ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள். தீமின் பதிப்பு விவர இணைப்பு, நீங்கள் யூஆர்எல்லில் கொடுத்த பக்கத்தை ஐஃபிரேமில் திறக்கும். உங்கள் சர்வர் ஐஃபிரேமைத் தடுத்தால் வெறும் பெட்டிதான் தெரியும். பிளகினுக்கு அந்த விவரப் பெட்டி "பிளகின்ஸ்_ஏபிஐ" என்ற ஃபில்டரிலிருந்து வரும். ஸ்லக் உங்களுடையதாக இருந்தால் பெயர், பதிப்பு, மாற்றங்கள் கொண்ட ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வேர்ட்பிரஸ் அந்த விவரத்தை டாட் ஆர்க்கில் போய்த் தேடும்.

படி 3-ல் சொன்ன தளத்தின் ரகசியச் சாவியைச் சேர்க்கும் வேலை "எச்டிடிபி_ரிக்வெஸ்ட்_ஆர்க்ஸ்" ஃபில்டரில். முகவரி உங்கள் சர்வரின் ஜிப் பாதையில் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே ஹெடரைச் சேருங்கள். அந்தச் சோதனை இல்லாமல் எழுதினால், தளம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் சாவி போய்ச்சேரும். நேரடியாகக் கிட்ஹப்பிலிருந்து ரிலீஸ் இணைப்பை எடுப்பவர்கள் "அக்செப்ட்" ஹெடரில் ஆக்டெட் ஸ்ட்ரீம் வகையைக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் ஜிப்புக்குப் பதிலாக ஜேசான் வரும். கிட்ஹப் அங்கிருந்து வேறொரு சேமிப்புச் சர்வருக்குத் திருப்பிவிடும். அங்கேயும் டோக்கன் ஹெடர் கூடவே போனால் சர்வர் மறுக்கக்கூடும், அதனால் திருப்பிவிடும்போது அதை நீக்கவேண்டும். பிளகின் அப்டேட் செக்கர் நூலகம் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

படி 5: சோதித்துப் பார்ப்பது

ஸ்டேஜிங் தளத்தில் (சோதனைக்கான நகல் தளம்) பிளகின் ஹெடரின் பதிப்பை ஒரு படி குறைத்து எழுதுங்கள். அப்டேட்ஸ் பக்கத்தில் மறுபடி தேடும் இணைப்பை அழுத்துங்கள். உங்கள் சொந்த ட்ரான்சியன்டையும் அழிக்க மறக்காதீர்கள், வேர்ட்பிரஸின் சேமிப்பு மட்டும் போனால் போதாது. அப்டேட் தெரிந்ததா? அழுத்துங்கள். முடிந்ததும் மூன்றைப் பாருங்கள்: ஃபோல்டர் பெயர் மாறாமல் இருக்கிறதா, பிளகின் ஆக்டிவாகவே இருக்கிறதா, அதே அப்டேட் மறுபடி தலைகாட்டவில்லையா.

கிட்ஹப் 404 என்று சொன்னால் முகவரி தவறு என்று மட்டும் நினைக்கவேண்டாம். அனுமதி இல்லாதவருக்குப் பிரைவேட் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் காட்டாது. டோக்கன் காலாவதியானதா, சரியான ரெப்போவைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். ரிலீஸைப் ப்ரீ ரிலீஸ் என்றோ டிராஃப்ட் என்றோ விட்டிருந்தால், "லேட்டஸ்ட்" என்று கேட்கும்போது அது வராது.

அலுவலக நெட்வொர்க்குக்குள்ளேயே, 192.168 என்று தொடங்கும் ஐபியில் அப்டேட் சர்வர் வைத்தவர்களுக்கு ஜேசான் வரும், ஜிப் மட்டும் "செல்லாத முகவரி" என்று நின்றுவிடும். ஜிப்பை இறக்கும் ஃபங்ஷன், உள் நெட்வொர்க் முகவரிகளைப் பாதுகாப்புக்காக மறுக்கிறது. 80, 443, 8080 தவிர வேறு போர்ட்டையும் ஏற்காது. "எச்டிடிபி_ரிக்வெஸ்ட்_ஹோஸ்ட்_ஈஸ்_எக்ஸ்டர்னல்" என்ற ஃபில்டரில் உங்கள் சர்வரின் பெயரை மட்டும் அனுமதியுங்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி என்று எழுதிவிடாதீர்கள்.

படி 6: ஒரேயடியாக எல்லாத் தளத்துக்கும் வேண்டாம்

உங்கள் ஜேசானில் ஒரு எண்ணை மாற்றினால் இருபது தளங்களில் கோடு மாறும். அந்தப் பலத்தைக் கவனமாகக் கையாளவேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாவி இருப்பதால், புதிய பதிப்பை முதலில் உங்கள் சொந்தத் தளத்துக்கும் ஒரு நெருக்கமான கிளையன்டுக்கும் மட்டும் காட்டமுடியும். இரண்டு நாள் கழித்து மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் வெளியிடாதீர்கள்.

பிளகின், தீம்களுக்கு ஆட்டோ அப்டேட் பொத்தான் 2020 ஆகஸ்டில் 5.5-ல் வந்தது. 2024 ஜூலையின் 6.6 பதிப்பிலிருந்து, ஆட்டோ அப்டேட்டுக்குப் பின் பிளகினில் பிஎச்பி ஃபேட்டல் எரர் வந்தால் வேர்ட்பிரஸ் பழைய பதிப்பைத் தானாகவே திரும்ப வைக்கிறது. படிவம் அனுப்பப்படவில்லை, விலை தவறாகக் காட்டுகிறது மாதிரியான பிழைகளை அது பிடிக்காது. நீங்கள் திருப்பும் அரேயில் "ஆட்டோஅப்டேட்" என்ற கீயும் உண்டு. அதை இயக்கினால், தளத்தின் உரிமையாளர் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அப்டேட் தானாக நடக்கும். அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும், அதுவும் ஒப்பந்தத்திலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஜிப் வரும் வழியில் யாரும் அதை மாற்றவில்லை என்று உறுதிசெய்ய "அப்கிரேடர்_ப்ரீ_டவுன்லோட்" ஃபில்டரில் ஜிப்பை நீங்களே இறக்கி, கோப்பின் கைரேகை போன்ற ஷா 256 ஹேஷை ஜேசானில் உள்ளதோடு ஒப்பிடலாம். சர்வரையே யாராவது கைப்பற்றினால் ஹேஷையும் மாற்றிவிடுவார்கள் என்பதால், இன்னும் உறுதி வேண்டுபவர்கள் சோடியம் என்ற குறியாக்க நூலகத்தின் டிஜிட்டல் கையொப்பத்துக்குப் போகலாம். ஜிப்பில் கையொப்பமிடும் ரகசியச் சாவி உங்கள் கணினியில் மட்டும், சரிபார்க்கும் பொதுச் சாவி எம்யூ பிளகின் கோப்பில். 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே இதற்கான சோடியம் நூலகம் வேர்ட்பிரஸோடு வருகிறது. இருபது தளங்களுக்கு மேல் போனதும் நாங்கள் இதைச் சேர்த்துவிட்டோம்.

கிளையன்ட் விலகும்போது

கடைசிப் பதிப்பின் ஜிப்பைக் கொடுத்து, அவருடைய சாவியை ரத்து செய்து, எம்யூ பிளகின் கோப்பை நீக்கிவிடுங்கள். அப்டேட் யூஆர்ஐ வரியை மட்டும் நீக்கவேண்டாம். அது இருக்கும்வரை பொதுக் களஞ்சியத்திலிருந்து அதே பெயருள்ள வேறொரு பிளகின் உள்ளே வராது. இனி அப்டேட் வராது என்பதையும், பாதுகாப்புத் திருத்தங்களை யார் பார்ப்பார்கள் என்பதையும் மெயிலில் எழுதிக் கொடுங்கள்.

டோக்கன் காலாவதித் தேதியை அதற்கு இரண்டு வாரம் முன்னால் நினைவூட்டும்படி காலண்டரில் போடுங்கள். அப்டேட் சர்வரின் டொமைன் புதுப்பிக்கும் தேதியையும் அங்கேயே போட்டு, ஆட்டோ ரின்யூவலையும் இயக்கிவிடுங்கள். அந்த டொமைன் கைவிட்டுப் போனால், அதை வாங்குகிறவர் வைக்கும் ஜேசானை உங்கள் எல்லாத் தளங்களும் நாளுக்கு இரண்டு முறை போய்க் கேட்டு வாங்கும்.